தூக்குப்போசிக்குள் அடங்கும் படுக்கை

மல்லம்மா ஆசைப்பட்டது அப்படியொன்றும் ஊரைக் கூட்டுகிற விஷயமில்லை. தசரா முடிந்த பிறகு புஷ்பகிரி மலைக்குப் போகிற கூட்டத்தோடு தானும் போக வேண்டும், காட்டில் இரண்டு ராத்திரி தங்கி உச்சியைத் தொட்டுவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். ஆனால் கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் மடியில் பிள்ளை இல்லாத ஒருத்தி எதற்கு ஆசைப்பட்டாலும், அதற்குள் ஒரு பிள்ளையைத் தேடிப் பார்க்காமல் நம் ஜனங்களுக்குச் சோறு இறங்காது. அதுதான் பிரச்சினையாகிப் போனது.

மைசூரில் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் மழைக்கோட்டு தைக்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. புருஷன் லிங்கப்பன் பக்கத்துக் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டினான். இருவருக்கும் ஊர் ஹனூர் பக்கம். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும் கலந்து. தொழிற்பேட்டைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார்கள்.

விஜயநகரில் மலையேற்றச் சங்கம் ஒன்று இருந்தது. அதன் காரியதரிசி கிருஷ்ணராஜ், கல்லூரியில் பாடம் எடுக்கிறவர். முதுகுப்பைகளுக்கு மழை உறை தைத்துக்கொடுக்கச் சொல்லி அவர் கம்பெனிக்கு வந்தபோது, அளவெடுத்த மல்லம்மா சும்மா இருக்காமல் கேட்டாள்.

"இதெல்லாம் எதுக்குங்க சார்?"

"மலை ஏறும்போது மழை பெய்யும்ல, பேக் நனையக்கூடாது. அதுக்கு."

"பொம்பளைங்க வரலாமுங்களா?"

"ஏன் வரக்கூடாது? அவங்கவங்க பேக்கை அவங்கவங்க தூக்கணும். ரூல் அது ஒண்ணுதான்."

பேச்சுக்குச் சொன்னாரோ என்னவோ, அடுத்த ஞாயிற்றுக்கிழமை குந்திபெட்டா குன்று ஏறும் நடைக்கு மல்லம்மா வந்து நின்றுவிட்டாள். சேலையை ஏற்றிச் செருகி, காலில் லிங்கப்பனின் பழைய கான்வாஸ் ஷூ. நாள் முழுக்கத் தையல் மெஷினை மிதிக்கிற கால்கள் அவளுக்கு. காலேஜ் பையன்கள் பாதி வழியில் நிழல் தேடி உட்கார்ந்திருக்க, அவள் உச்சியில் நின்று கரும்பு வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே நின்றபோது அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. 'விசேஷம் ஏதாச்சும் உண்டா' என்று கேட்க அங்கே ஆளே இல்லை. அந்தக் காற்று அவளுக்குப் பிடித்துப் போனது.

புஷ்பகிரிக்கு அவளும் அஷ்வினி என்ற பேங்க் பெண்ணும் பெயர் கொடுத்தார்கள். இரண்டு பேருக்கு ஒரு கூடாரம். எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தபோது அஷ்வினிக்கு நிச்சயதார்த்தம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் மலை கிலை எல்லாம் வேண்டாம் என்றுவிட்டார்களாம். கிருஷ்ணராஜ் மல்லம்மாவை விஜயநகர் வீட்டுக்கு வரச்சொல்லி, காபி கொடுத்து, மெதுவாகச் சொன்னார்.

"பேஜார் பண்ணிக்காதீங்க மல்லம்மா. டென்ட்டை ரெண்டு பேர் மாத்தி மாத்தித் தூக்கறது. அஞ்சு கிலோ. உங்க துணிமணி, சாப்பாடு, தண்ணி எல்லாம் போக அதையும் நீங்க ஒருத்தரே தூக்கிட்டு ஏற முடியாது. ஆம்பளைங்க டென்ட்ல உங்களைப் படுக்க வைக்கவும் முடியாது."

"நான் கீழ சாக்கை விரிச்சுப் படுத்துக்கறனுங்க சார்."

"அட்டை! மழை விட்ட மாசம். அந்தக் காட்டுல தரையில படுத்தீங்கன்னா விடியறதுக்குள்ள ரத்தத்தை உறிஞ்சிட்டு உங்களை விட அட்டைதான் குண்டா இருக்கும்."

மல்லம்மா சிரிக்கவில்லை. மேஜைமேல் கிடந்த வெளிநாட்டுப் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளைக்காரன் இரண்டு மரங்களுக்கு நடுவே துணியில் தொங்கியபடி காலை ஆட்டிக்கொண்டு புத்தகம் படிக்கிறான்.

"இதென்னங்க சார்?"

"அதுவா? ஹேமக். தொங்குற படுக்கை. மடிச்சா உள்ளங்கையில அடங்கும். ஆனா இங்க எங்கேயும் கிடைக்காது."

"துணியும் கயிறும்தானுங்களே?"

"பார்த்தா அப்படித்தான் இருக்கு. ஆனா..."

"என்ற வேலையே துணிதானுங்க சார்," என்றாள் மல்லம்மா. "மீதி நான் பாத்துக்கறேன்."

கிருஷ்ணராஜ் பத்திரிகையை அவள் பக்கம் தள்ளினார். "சரி. ஒரு கிலோவுக்குள்ள இருக்கணும். ஆளைத் தாங்கணும். ரெண்டும் நடந்தா நீங்க வர்றீங்க. நடக்கலைன்னா என்மேல கோவப்படக்கூடாது."

மறுநாளே அவள் மண்டி மொஹல்லா கடைவீதியில் நின்றாள். அந்தச் சந்துகளில் ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் நடுவே ஒருக்களித்து நடந்து, பாராசூட் துணி விற்கிற கடையைக் கண்டுபிடித்தாள். கம்பெனியிலிருக்கும் மழைக்கோட்டுத் துணி உதவாது. அதன் ஒரு பக்கம் ரப்பர் பூச்சு. கனமும் அதிகம், படுத்தால் வேர்த்துக் கொட்டும். இது வெறும் நைலான், காற்றைப் பிடித்துச் சுருட்டினது மாதிரி கனமே இல்லை. ஒவ்வொரு சுருளாக இழுத்து, கட்டைவிரலால் அழுத்தி, ஓட்டை இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தாள். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"எதுக்கம்மா? குடையா, ஜாக்கெட்டா?"

"படுக்க."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. இலைப்பச்சை நிறத்தில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்து அனுப்பினார்.

துணியின் அகலம் ஓர் ஆளுக்குப் பத்தாது. அதை இரண்டு துண்டாக வெட்டி நீளவாக்கில் சேர்த்துத் தைக்க வேண்டும். வெட்டின ஓரம் நூல் நூலாகப் பிரியும், அதற்குத் தீ காட்ட வேண்டும். மெழுகுவர்த்தி காட்டினால் ஒரேயடியாக உருகிவிடுகிறது என்று ஊதுபத்தியைக் கொளுத்தி, அதன் நுனியால் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே போனாள். வீடு முழுக்கச் சந்தன வாசனையும் கருகின பிளாஸ்டிக் நாற்றமும். வேலை முடிந்து வந்த லிங்கப்பன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "எந்தச் சாமிக்குப் பூசை இது?" என்றான்.

தைத்து முடித்தாள். இரண்டு நுனியிலும் துணியை மடித்துக் குழல் மாதிரி விட்டு, உள்ளே நைலான் கயிற்றைக் கோர்த்து, சுருக்குப்பை வாயைப் போல இழுத்துக் கட்டினாள். கட்டிலுக்குப் பின்னுகிற பருத்தி நாடாவை அதில் மாட்டினாள். மெல்லிய கயிற்றை நேராக மரத்தில் கட்டினால் பட்டையை அறுக்கும், நாடா என்றால் அறுக்காது. கூரைத் தகரத்தைத் தாங்குகிற இரும்புக் குழாய்கள் இரண்டில் நாடாவைக் கட்டினாள். லிங்கப்பன் கதவோரம் நின்று பார்த்தான்.

"தாங்குமா?"

"ஏன் தாங்காது? என்ற தையலு."

உட்கார்ந்தாள். படுத்தாள். ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் நடுத்தையல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சர்ரென்று கிழிந்து, சிமெண்டுத் தரையில் இடுப்பு பட விழுந்தாள். எழுந்திருக்கவே கொஞ்ச நேரம் ஆனது. லிங்கப்பன் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டான், அந்தமட்டும் நல்லவன்.

"தையல் பிரிஞ்சிருச்சா?"

"தையல் பிரியல. துணிதான் பிரிஞ்சிருக்கு. பாருங்க." இடுப்பைத் தேய்த்துக்கொண்டே கிழிசலை விளக்கடியில் பிடித்தாள். நூல் அப்படியே இருந்தது. நூலுக்கு இருபுறமும் ஊசி போட்ட ஓட்டைகள் நெருக்கமாக வரிசை கட்டியிருக்க, துணி அந்த ஓட்டை வழியாகவே தபால்தலைத் தாள் கிழிகிறாற்போல் கிழிந்திருந்தது.

அவளுக்குச் சட்டென்று விளங்கியது. மழைக்கோட்டுக்குத் தையல் பொடியாக இருக்க வேண்டும். கொஞ்சம் பெரிதானாலும் தண்ணீர் உள்ளே இறங்கும், சூப்பர்வைசர் கோட்டைத் தூக்கி முகத்தில் வீசுவார். இத்தனை வருஷம் திட்டு வாங்கி வாங்கிப் பழகின கை இங்கேயும் அதே பொடித்தையலைப் போட்டுவிட்டது. தண்ணீரைத் தடுக்க வேண்டிய இடம் வேறு, ஆளைத் தாங்க வேண்டிய இடம் வேறு. தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. மறுபடியும் மண்டி மொஹல்லாவுக்குப் போய் அதே பச்சைத் துணியை வாங்கிவந்தாள். கடைக்காரர் இந்தமுறை கேள்வியே கேட்கவில்லை.

இரண்டாவது தடவை அவசரப்படவில்லை. இரண்டு ஓரத்தையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து, நான்கு மடிப்புச் சேர்ந்த இடத்தில் ஊசி தள்ளித் தள்ளி விழும் நெட்டைத் தையலாக, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டம் ஓட்டினாள். பருத்தி நூலை ஒதுக்கிவிட்டு பாலியெஸ்டர் நூல் போட்டாள். கை தானாகப் பொடித்தையலுக்கு இழுத்தது. ஒவ்வொரு சாணுக்கும் நிறுத்தி, பார்த்து, அடக்கி ஓட்டினாள்.

கட்டிப் படுத்தபோது துணி தாங்கியது. ஆனால் விண்ணென்று இழுத்துக் கட்டியிருந்ததால் ஓரங்கள் இரண்டும் தோளை நெருக்கின. கட்டில் மாதிரி விறைப்பாக இருந்தால்தான் சுகம் என்று நினைத்தது தப்பு. நாடாவைத் தளர்த்தி, நடுவில் நன்றாகத் தொய்யவிட்டு, நேராகப் படுக்காமல் கொஞ்சம் கோணலாக, தலை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் போட்டுப் பார்த்தாள். முதுகு சமமாக இறங்கி அமர்ந்தது. துணி உடம்பைச் சுற்றி வந்து நின்றது. மேலே தகரக் கூரை, கீழே ஒன்றுமில்லை. மல்லம்மாவுக்கு அழுகை வருகிற மாதிரி ஒரு சந்தோஷம். இந்த வீட்டில் எல்லாமே இரண்டு பேருக்கானது, அல்லது மூன்றாவதாக வரப்போகிற யாருக்கோ ஒதுக்கினது. அவள் ஒருத்திக்கென்று ஓரிடம் இப்போதுதான் அமைந்தது.

"கொஞ்சம் எறங்கு, நானும் பாக்கறேன்," என்று ஏறிய லிங்கப்பன் அப்படியே தூங்கிப்போனான். அவளைவிட ஒன்றரை மடங்கு கனம். குறட்டைக்குக் குழாய்தான் அதிர்ந்தது, தையல் அசையவில்லை. அவன் எழுந்த பிறகு அவிழ்த்துச் சுருட்டி, கம்பெனிக்குச் சோறு கொண்டுபோகும் தூக்குப்போசிக்குள் திணித்து மூடியைப் போட்டாள். மூடி சரியாக உட்கார்ந்தது. கிருஷ்ணராஜ் வீட்டுக்குப் போய்க் காட்டினாள். அவர் தராசில் வைத்துப் பார்த்தார், பின்பக்கத் தென்னைமரங்களில் கட்டிப் படுத்தும் பார்த்தார். எழுந்து வந்து கையைக் கொடுத்தார். "அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை, சாயங்காலம் அஞ்சு மணி, பஸ் ஸ்டாண்ட். உங்க படுக்கை இருந்தா நீங்க உண்டு."

விஷயம் இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் தளர்த்திக் கட்டிப் பழகுவதற்காக அவள் அதைத் தினமும் குழாயில் மாட்டிவைத்தாள். பக்கத்து வீட்டு சென்னம்மா சர்க்கரை கேட்டு வந்தாள். கூரையிலிருந்து தொய்ந்து தொங்குகிற பச்சைத் துணியைப் பார்த்தாள். சர்க்கரையை மறந்தாள்.

"அய்யோ சிவனே! தொட்டிலா? மல்லம்மா, சொல்லவே இல்லையே!"

"தொட்டில் இல்லக்கா. நான் படுக்கறதுக்கு."

"ஆகட்டும் ஆகட்டும்," என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனாள் சென்னம்மா. அவள் தம்பி கொள்ளேகால் பஸ்ஸில் கண்டக்டர். செய்தி ஹனூர் போய்ச் சேர தந்தியெல்லாம் தேவைப்படவில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் லிங்கப்பனின் தாய் சித்தம்மா வந்து இறங்கினாள். ஒரு கையில் நெய், மறுகையில் ராகி மூட்டை, இடுப்பில் சுக்கு. உள்ளே வந்ததும் மேலே பார்த்தாள். மூட்டையைக் கீழே போட்டுவிட்டு மருமகளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"அத்தை, இது நீங்க நெனைக்கறது இல்லீங்க," என்றாள் மல்லம்மா.

"ச்சூ! வாயத் தொறக்காத அம்மிணி. மூணு மாசம் முடியாம யாரு சொல்லுவா? நீ இல்லீனுதான் சொல்லோணும். நல்ல புள்ள."

உண்டு என்றால் உண்டு, இல்லை என்றாலும் உண்டு. சித்தம்மா குடத்தைத் தூக்க விடவில்லை. மெஷின் மிதிக்க விடவில்லை. காலையும் மாலையும் நெய்யில் சுக்குப் போட்டுக் கொடுத்தாள். மல்லம்மா லிங்கப்பனைத் தனியாக இழுத்துச் சொல்லச் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"அம்மா இத்தனை வருஷம் கழிச்சு சிரிக்கறா. நான் எந்த வாயால சொல்லுவேன்? அவ ஊருக்குப் போற வரைக்கும் அதைக் கழட்டி வெச்சிரேன்."

"கழட்டறது பெருசில்லீங்க. நான் மலைக்குக் கெளம்பறப்ப என்ன சொல்லுவீங்க? பிரசவத்துக்குப் போறாள்னா?"

ஆயுத பூஜையன்று காலையில் தையல் மெஷினுக்கும் கத்தரிக்கும் சந்தனம் குங்குமம் வைத்த சித்தம்மா, எக்கி நின்று பச்சைத் துணிக்கும் ஒரு பொட்டு வைத்தாள். விளக்கேற்ற மருமகளைக் கூப்பிட்டாள். மல்லம்மா வாசலிலேயே நின்றாள்.

"நீங்களே ஏத்துங்க அத்தை. நான் இன்னைக்கு தொடக்கூடாதுங்க."

சித்தம்மா தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். புரிய வேண்டியது புரிந்தது. விளக்கை ஏற்றினாள், கும்பிட்டாள், அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். மல்லம்மாவுக்குத் தப்பு எதுவும் செய்யாமலே திருடி அகப்பட்டாற்போல் இருந்தது. தள்ளி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். குந்திபெட்டா, அஷ்வினி, அட்டை, வெள்ளைக்காரன் படம், ஒன்று விடவில்லை.

"அப்ப இந்தத் துணி?"

"எனக்குங்க அத்தை. நான் காட்டுல படுத்துத் தூங்கறதுக்கு."

சித்தம்மா எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். பண்டிகை முடிந்தும் ஊருக்குக் கிளம்பவில்லை.

புறப்பட வேண்டிய சனிக்கிழமை. பாதி நாள் வேலை முடித்து மல்லம்மா வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றை நெருங்கியிருந்தது. முதுகுப்பையை எடுத்து வைத்தாள். மேலே பார்த்தாள். குழாய் வெறுமனே இருந்தது. போசியைத் திறந்தாள், அதுவும் வெறுமனே இருந்தது. பரண், பெட்டி, கொடி எல்லாம் புரட்டினாள். மாமியாரையும் காணோம்.

சென்னம்மா வாசலில் வந்து நின்றாள். "உங்க அத்தை அதை எடுத்துட்டு ஏரிக்கரை அம்மன் கோயிலுக்குப் போனாங்க. தேங்காய் பழமெல்லாம் கொண்டுபோனாங்க. நீதானே அனுப்பினே?"

மல்லம்மாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அந்தக் கோயிலில் ஓர் அரசமரம் உண்டு. பிள்ளை வேண்டுகிறவர்கள் அதில் தொட்டில் கட்டுவார்கள். அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றப்போன லிங்கப்பனை, "கழட்டாதீங்க, வண்டிய எடுங்க" என்று திருப்பினாள். மொபெட்டின் பின்னால் முதுகுப்பையோடு ஏறி உட்கார்ந்தாள்.

மரம் நிறையத் தொட்டில்கள். மஞ்சள் துணியிலும் சிவப்புத் துணியிலும் உள்ளங்கையகலத் தொட்டில்கள், மரத்தில் கடைந்த பொம்மைத் தொட்டில்கள். அவற்றுக்கு நடுவே, தாழ்ந்து வந்த தடித்த கிளை ஒன்றில், இரண்டு நுனியையும் சேர்த்துக் கட்டி, முழங்கால் உயரத்துக்கு இறங்கி ஆடிக்கொண்டிருந்தது பச்சை நைலான். மற்றதெல்லாம் குஞ்சு மாதிரி இருக்க இது மட்டும் பூதாகாரமாகத் தெரிந்தது. அடியில் சித்தம்மா கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். வேண்டுதலுக்கு வந்த இன்னும் சில பெண்கள் அந்தப் பெரிய தொட்டிலைப் பார்த்துத் தமக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அத்தை, என்ன காரியம் பண்ணியிருக்கீங்க? அஞ்சு மணிக்கு வண்டி. அதை அவுத்துக் குடுங்க."

சித்தம்மா எழுந்தாள். பயமும் பிடிவாதமும் ஒன்றாக முகத்தில் இருந்தன. "நீ கேக்கவே மாட்டீங்கற அம்மிணி. ஒம்பது வருஷத்துல ஒருக்காக்கூட சாமிகிட்ட நீ கேக்கல. அதான் நான் கேட்டேன். நீயே உன்ற கையால தெச்சது. அதுனாலதான் இதக் கட்டுனேன்."

"நான் கேக்காம விட்டதை நீங்க பாத்தீங்களா? எத்தனை தடவை கேட்டுக் கேட்டு அலுத்துப் போனேன்னு உங்களுக்குத் தெரியுமா?" இதை மல்லம்மா இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, லிங்கப்பனிடம்கூட. "இது அதுக்கில்லீங்க அத்தை. இது எனக்கு."

அவள் முடிச்சில் கை வைத்தாள். கோயிலிலிருந்து பூசாரி ஓடிவந்தார். கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிற பெரியவர்.

"தொடாதம்மா! கட்டினது கட்டினதுதான். தொட்டில் ரொம்பினாத்தான் அவுக்கறது. பிள்ளையைக் கொண்டாந்து அதுல ஒரு தடவை கிடத்தணும். அப்புறம் கட்டினவங்க கையாலேயே அவுக்கணும். காலியா அவுத்தா குடும்பத்துக்கு ஆகாது. இல்லி அதே பத்ததி, இங்க அதுதான் வழக்கம்."

சுற்றி நின்ற பெண்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். சித்தம்மா மருமகளின் கையைப் பிடித்தாள். மல்லம்மா பூசாரியை மீறி அவிழ்த்திருப்பாள். அவருக்காக அவள் தயங்கவில்லை. ஆனால் இழுத்து அவிழ்த்துக்கொண்டு போனால், இனிமேல் வீட்டில் யாருக்குத் தலைவலி வந்தாலும் சித்தம்மா இந்த மரத்தையே நினைத்துக் குமைவாள், தன்னையே நொந்துகொள்வாள். இந்தக் கிழவி நெய்யைத் தூக்கிக்கொண்டு வந்தவள். அவளை அப்படி விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை.

லிங்கப்பன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான். "விட்டுரு மல்லி. அடுத்த வருஷம் வேற ஒண்ணு தெச்சுக்கலாம்."

அடுத்த வருஷம். ஒன்பது வருஷமாக எல்லோரும் அவளுக்குச் சொல்லிக்கொண்டு வருவது அதைத்தான். அடுத்த வருஷம் ஆகிவிடும், அடுத்த வருஷம் பார்க்கலாம், அடுத்த வருஷம் சாமி கண் திறக்கும். மல்லம்மா முதுகுப்பையைக் கழற்றிப் புருஷன் கையில் கொடுத்தாள். செருப்பை விட்டாள். சேலையைச் சேர்த்துச் செருகினாள். பச்சைத் துணியின் வாயை இரண்டு கையாலும் விரித்து, பின்பக்கமாக உட்கார்ந்து, காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கிளை கிறீச்சிட்டது. யாரோ ஒருத்தி "அம்மா" என்றாள். சின்னத் தொட்டில்கள் எல்லாம் குலுங்கின. நாடா இறுகியது, தையல் இழுபட்டது, ஆனால் எதுவும் விடவில்லை. ஒரே கிளையில் கட்டியிருந்ததால் நீட்டிப் படுக்க இடமில்லை. முழங்கால் மோவாயில் இடிக்க, சுருண்டுதான் கிடக்க முடிந்தது. துணி இருபுறமும் வந்து மூடிக்கொண்டது. பச்சை வெளிச்சத்துக்குள் கிடந்தபடி மல்லம்மா சத்தமாகச் சொன்னாள்.

"தொட்டில் ரொம்பிருச்சுங்க அத்தை. அவுங்க."

பூசாரி மரத்தையும் தொட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். இப்படி ஒன்று அவருடைய வழக்கத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை, கூடாது என்றும் எழுதப்பட்டிருக்கவில்லை.

சித்தம்மா கிட்டே வந்தாள். துணிக்குள்ளே முதுகு வளைந்து ஓர் உருவம் தெரிந்தது. வெளியிலிருந்தே அதன்மேல் கையை வைத்தாள். மருமகள் மூச்சு விடுவது கையில் பட்டது. பேரனுக்கோ பேத்திக்கோ தொட்டிலாட்ட வேண்டும் என்று இத்தனை காலம் காத்திருந்த அவள் கை அப்போது தானாக அசைந்தது. ஒரு தடவை, மெதுவாக, அந்தத் தொட்டிலை ஆட்டினாள். அது போய் வந்தது. இன்னொரு தடவை ஆட்டினாள்.

உள்ளே இருந்தவள் இதை எதிர்பார்க்கவில்லை. மலையும் வண்டியும் மறந்துபோய், வாயில் சேலைத் தலைப்பை வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். வெளியே நின்றவளும் அழுதாள். லிங்கப்பன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏரியைப் பார்க்கிற மாதிரி நின்றான்.

"எறங்கு அம்மிணி," என்றாள் சித்தம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நீ உள்ள கெடந்தா முடிச்சு எப்பிடி அவுறும்?"

மல்லம்மா இறங்கினாள். ஆள் கனத்தில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. மருமகள் உதவிக்கு வந்ததைச் சித்தம்மா தட்டிவிட்டாள். கட்டினவள் கையாலேதான் அவிழ்க்க வேண்டும். நகத்தால் நெம்பினாள், முடியாமல் பல்லால் கடித்து இழுத்தாள், ஒரு பக்கம் விட்டது, மறுபக்கமும் விட்டது. பச்சைத் துணியை உதறி, மண்ணைத் தட்டி, சின்னதாகச் சுருட்டி மருமகளின் கையில் வைத்தாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள்.

"என்னடா மரம் மாதிரி நிக்கற? அஞ்சு மணிக்கு அவளுக்கு வண்டி. எடுடா மொபெட்ட."